விலை இறங்கக் காத்திருந்தவர்

காத்தான்குடியில் நெல் வாங்கி விற்கும் பக்கீரைப் பற்றி ஊரில் ஒரு கேலி உண்டு. மனுஷன் குடையை வெயில் காலத்தில்தான் வாங்குவாராம். கேலி என்றாலும் பொய்யில்லை. அவர் வீட்டில் பெருநாள் உடுப்பைப் பெருநாள் முடிந்த மறுவாரம்தான் எடுப்பார்கள். கடைக்காரன் மிச்சத்தைத் தள்ளிவிடுகிற நேரம் பார்த்து, அடுத்த வருடத்துக்கென்று ஓர் அளவு கூட்டி எடுத்து வைத்துவிடுவார்கள்.

அதற்காக அவரைக் கஞ்சன் என்றால் அநியாயம். தேடி வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதவர். ஆனால் நேரம் பார்க்காமல் ஒரு பொருளை வாங்குவது அவருக்கு ஒவ்வாது. வாவிக்கு அக்கரையில், படுவான்கரை வயல்களில், வெள்ளாமை வெட்டு என்கிற அறுவடை தொடங்கியதும் மற்ற வியாபாரிகள் லொறியோடு முண்டியடிப்பார்கள். பக்கீர் வீட்டிலேயே இருப்பார். பழுகாமத்திலும் வெல்லாவெளியிலும் வயல் வட்டை முழுக்க வெட்டி முடித்து, களத்தில் நெல் குவிந்து, விலை அடியில் கிடக்கிற அன்றுதான் போவார். ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்து ஈரம் பார்ப்பார். அந்த விலைக்கு விற்றவன் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்பது வேறு கதை. அந்தப் பொறுமைதான் வீட்டைக் கட்டியது, மகன் றிஸ்லானைக் கத்தாருக்கு அனுப்பியது, மகள் இர்ஷானாவை வைத்தியத்துக்காகக் கொழும்புக்கும் கண்டிக்கும் கொண்டு திரிந்தது.

இர்ஷானாவுக்கு இருபத்து மூன்று வயது. தசை நலிந்துபோகிற வருத்தம். பத்து வயதில் படி ஏற முடியாமல் போனது. பதினாலில் சக்கரக் கதிரைக்கு வந்துவிட்டாள். டாக்டர் ஒளிக்காமல் சொன்னார், காலுக்குப் பிறகு கை என்று. எப்போது என்று பக்கீர் கேட்டார். அதைச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தப் பதிலைப் பக்கீர், இப்போதைக்கு இல்லை என்று தன் வசதிக்கு எடுத்துக்கொண்டார்.

போன வருட நோன்பில் இர்ஷானா வாய் திறந்து ஒன்று கேட்டாள். அவள் எதையும் இலேசில் கேட்கிறவள் இல்லை.

"வாப்பா, கேம் விளையாடுற கம்பியூட்டர் ஒண்டு வேணும். வெள்ளிக்கிழமையில றிஸ்லான் காக்காவுக்கு லீவு. அவர் அங்க இருந்து, நான் இஞ்ச இருந்து, ரெண்டு பேரும் சேந்து மலையில நடக்கிற விளையாட்டு ஒண்டு இரிக்கி."

"போன்ல ஏலாதா மகள்?"

"போனத் தூக்கிப் பிடிக்கக் கை உளையுது. மேசையில எண்டா கை சும்மா கிடக்கும், விரல் மட்டும் வேல செஞ்சாப் போதும்."

நடந்து எட்டு, ஒன்பது வருடமான பிள்ளை நடக்க வேண்டும் என்று கேட்கிறாள். பக்கீர் அந்த இடத்திலேயே சம்மதித்தார். வாங்குவதா இல்லையா என்ற பேச்சே எழவில்லை. எப்போது வாங்குவது என்பதுதான் மிச்சம். அதில் அவரை மிஞ்ச ஊரில் ஆளில்லை.

மட்டக்களப்பு டவுனில் யதுர்ஷன் என்கிற பொடியன் கம்பியூட்டர் கடை வைத்திருந்தான். பக்கீர் அவனிடம் போய் நெல்லை விசாரிப்பது போல எல்லாவற்றையும் விசாரித்தார். பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுவதை விட, பூட்டி முடித்த செட்டே நல்லது என்று முடிவெடுத்தார். பழுதானால் ஒரே ஆளின் சட்டையைப் பிடிக்கலாம் அல்லவா? பிறகு தன் கேள்விக்கு வந்தார்.

"இதுக்கு வெள்ளாமை வெட்டு எப்ப தம்பி?"

யதுர்ஷன் சிரித்துவிட்டான். "கம்பியூட்டருக்குள்ள படம் காட்டுற காட் புதுசு வந்திருக்கு ஹாஜியார். புதுசு நல்லா இறங்கினாப் பழைய காட் போட்ட செட்டுக்கு விலை விழும். நாலைஞ்சு மாதம் போகும்."

பக்கீர் பொறுத்தார். மாதம் ஒருமுறை கடைக்குப் போய் அதே பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். ஆடி மாதத்தில் விலை சொன்னபடி விழுந்தது.

"இது நல்ல விலை ஹாஜியார். எடுங்க," என்றான் யதுர்ஷன்.

எடுத்திருக்கலாம். ஆனால் விலை விழத் தொடங்கினால் அடி வரைக்கும் பார்ப்பது அவருடைய இரத்தத்தில் ஊறிய பழக்கம். வருடக் கடைசியில் விலைக் கழிவு போடுவார்கள் என்று திரும்பி வந்தார். கார்த்திகையில் போனபோது கதை மாறியிருந்தது. கம்பியூட்டர் மெமரிக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு என்றான் யதுர்ஷன். விலை ஏறிக்கொண்டே போனது. ஏறியது இறங்காமலா போகும் என்று பக்கீர் மறுபடியும் காத்திருந்தார். இர்ஷானா ஒருநாளும் நினைவுபடுத்தவில்லை. அவள் கேட்காததை, அவசரமில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அடுத்த நோன்பு வந்தது. முதல் நாள் நோன்பு திறக்கிற நேரத்துக்குத் தன் நெல்லுக் கடையிலிருந்து வழக்கத்தை விட முந்தி வந்தார். பள்ளியில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் கடித்து, கஞ்சியை எடுக்கும்போதுதான் பார்த்தார். மனைவி பஹீமா மகளுக்குக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் மகள், கை நோவுதா?"

"கோப்பையத் தூக்க ஏலா வாப்பா. போன நோன்புக்கு ஏலுமா இருந்திச்சி."

"எப்ப இருந்து?"

பஹீமாதான் பதில் சொன்னாள். "மூணு மாசமாச்சி. நீங்க கடையில நிக்கிற நேரத்தில ஊட்டி முடிச்சிருவன்."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

பஹீமா மகளைப் பார்த்தாள். இர்ஷானா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "சொன்னா நீங்க பதறிப்போய்க் கம்பியூட்டரக் கூடின விலைக்கு வாங்கிருவீங்க. பொறகு ஒங்களுக்குத்தானே மனவருத்தம். அதான் சொல்ல வேணாம் எண்டு உம்மாக்கிட்ட நான் சொன்னன்."

பக்கீர் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தார். முதலில் வந்தது வெட்கம். தன் பிள்ளை தன்னை இப்படி அறிந்து வைத்திருக்கிறாளே என்ற வெட்கம். துக்கம் தொழுகையில் நின்றபோதுதான் வந்தது.

மறுநாள் காலையில் யதுர்ஷன் கடையைத் திறக்கும்போது அவர் வாசலில் நின்றார்.

"இப்ப எடுக்காதீங்க ஹாஜியார். இதுதான் உச்ச விலை. இவ்வளவு காலம் பொறுத்தீங்க, இன்னும் ஒரு வருசம் பாருங்க."

"ஏத்துங்க தம்பி."

"விலை கேக்கவே இல்லையே."

"வேணாம். இண்டைக்கே வந்து பூட்டித் தந்திரணும்."

பேரம் பேசாமல் அவர் வாங்கிய முதல் பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை கத்தாரிலிருந்து றிஸ்லானின் குரல் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. திரையில் மலைச்சரிவில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் மேலே ஏறிப் போனான். மற்றவள் நின்ற இடத்திலேயே நின்றாள். இர்ஷானாவின் வலது கை மவுஸை அசைத்தது. திரையில் நின்றவளும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இடது கை விரல்கள் பொத்தான்களின் மேல்தான் கிடந்தன. பொத்தானை அமர்த்தி அழுத்த அவற்றில் பலமில்லை.

"தங்கச்சி, ஏன் நிக்கிறீங்க? நடங்க," என்றான் றிஸ்லான்.

"கொஞ்சம் பொறுங்க காக்கா," என்றாள். இன்னொரு முறை முயன்றாள். பிறகு விட்டுவிட்டாள்.

பின்னால் நின்று பக்கீர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடி மாதத்து விலை அவர் ஞாபகத்துக்கு வரவில்லை. ஆடி மாதத்தில் இந்த விரல்கள் எப்படி இருந்தன என்றுதான் யோசித்தார். ஒரு கதிரையை இழுத்து மகளின் இடது பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"எத அமத்தணும் மகள்?"

இர்ஷானா கண்ணால் பொத்தான்களைக் காட்டினாள். "இந்த நாலும் கால் வாப்பா. நீங்க காலப் பாருங்க. நான் வழியப் பாக்கன்."

நெல் பிடித்துத் தடித்த விரல்களை அவர் மெதுவாக வைத்தார். அவள் சொல்லச் சொல்ல அமர்த்தினார். மலைச்சரிவில் நின்றவள் நடந்தாள். ஓர் இடத்தில் பாறை பிளந்து கிடந்தது. தாண்டுங்க, அந்த நீளப் பொத்தான் என்றாள் மகள். பக்கீர் பள்ளத்தின் அகலத்தை ஒருதரம் பார்த்துவிட்டு அமர்த்துவதற்குள் திரையில் இருந்தவள் விழுந்துவிட்டாள்.

"மன்னிச்சிக்க மகள்," என்றார் பக்கீர். பள்ளத்தில் விழுந்ததற்கு மட்டும் கேட்ட மன்னிப்பல்ல அது.

"பரவாயில்ல வாப்பா. முதல்ல இருந்து போவம். நான் சொன்ன உடன அமத்துங்க. பாத்துப் பாத்து நிண்டா விழுந்திருவன்."

மறுபடியும் பாறை வந்தது. இப்ப என்றாள் இர்ஷானா. பக்கீர் திரையைப் பார்க்காமலே அமர்த்தினார்.