பக்கத்து வீட்டுக்காரரும் என் புது பாஸ் ஆம்ப்பும்

புதிதாக வாங்கிய பாஸ் கிட்டார் ஆம்ப்பை இன்று மதியம் முதல்முறையாகப் பயிற்சிக்குக் கொண்டுபோனேன். பயிற்சி நடப்பது எங்கள் டிரம்மர் அந்தோணியின் வீட்டு முன்னறையில்.

தடித்த கம்பியில் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டினேன். ஜன்னல் அதிர்ந்தது. பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா வாசலுக்கு வந்துவிட்டார். உடனே நிறுத்தி, மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"ஏன் தம்பி நிறுத்துன? அவிய இப்பதான் உறங்குதாவ. நீ நிறுத்தவும் புரளுதாவ."

அக்காவின் கணவருக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. லீவில் வந்த நாளிலிருந்து, வீட்டின் அமைதியில் அவருக்குத் தூக்கமே இல்லையாம். என் ஆம்ப் உறுமியதும் குறட்டை வந்திருக்கிறது.

மறுபடி தட்டினேன். பாட்டு என்று ஒன்று இருக்கிறதே என்று அடுத்த ஸ்வரத்துக்குப் போனேன்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல். "ஏலே, எஞ்சின்ல எவம்ல கைய வச்சது?"

"பாட்டெல்லாம் வேண்டாம் தம்பி, அந்த ஒண்ணையே வாசி" என்றார் அக்கா. குச்சியை எடுத்த அந்தோணியிடம், "நீ அதக் கீழ வைல."

சனிக்கிழமை கல்யாண ரிசப்ஷனில் வாசிக்க வேண்டும். ஒரு பாட்டுகூடப் பழகவில்லை. சாயங்காலம் வரை அதே ஸ்வரம்தான். நடுவில் அக்கா வீட்டு மீன்குழம்பு வந்தது.

ஆம்ப் எப்படி என்று கேட்ட நண்பர்களுக்கு: அருமை. அதன் சத்தத்தைக் கேட்டவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

கப்பலில் எஞ்சினுக்கு முறைபோட்டு விழித்திருப்பதை வாட்ச் என்பார்களாம்; நாளை மாலை நாலு முதல் எட்டு வரை வாட்ச் காலியாக இருக்கிறது. பாஸ் வாசிப்பவர்கள் யாராவது என்னை டியூட்டி மாற்றிவிட வருகிறீர்களா?