எழுப்பாமல் சுற்றிய லங்காவி

காலை ஒன்பது மணிக்கு, லங்காவித் தீவின் செனாங் கடற்கரையில் வாடகைக் கார் எங்கள் கைக்கு வந்தது. சின்ன வெள்ளைக் கார். ஒரு நாளைக்கு நூற்றிருபது ரிங்கிட். நம் பணத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்குக் கொஞ்சம் மேலே. மலேசியாவிலும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். அவிநாசியிலிருந்தே அதற்கான உரிமம் வாங்கி வந்திருந்த என் வீட்டுக்காரர் சாவியைக் கண்டதும் பத்து வயது குறைந்துவிட்டார். ஆனால் உடனே ஏறவில்லை. பையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்துச் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். முந்தின நாள் தீவில் இறங்கியதும் அவர் தேடிப் போன முதல் பொருள் அதுதான்.

கார்க்கடை அம்மா கெடா மாநிலத்துத் தமிழர். இடுப்பில் கைவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"புதுக் காடிக்குத்தான் நாங்க இப்படிப் பண்ணுவோம் ஐயா. இது எத்தனையோ பேரு ஓட்டுன காடி."

"அதுக்குத்தானுங்க வெக்கறது. எத்தனை பேரு கண்ணு பட்டிருக்குமோ?"

பழங்கள் நசுங்கின. புறப்பட்டோம்.

ஊர் பார்க்கத்தான் வந்தோம் என்று சொன்னால் அது பொய். எங்கள் ஒரே மகள் நித்யா, இங்கே ஒரு பெரிய ஓட்டலில் கேக் செய்யும் பகுதியில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். அவள் ஊருக்கு வந்து இரண்டு வருடமாகிறது. அவளுக்கு விடுமுறை கிடைத்தது இந்த ஒரு நாள்தான். கோவையில் என் தம்பி பேக்கரி ஒன்று தொடங்கப் போகிறான். இவள் வந்தால் எல்லாம் இவள் பொறுப்பு. 'ஊருக்கே வந்துடறயா கண்ணு?' என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்காகத்தான் கோவையில் விமானம் ஏறி, சிங்கப்பூரில் மாறி, இவ்வளவு தூரம் வந்தேன். "எடுத்ததும் கேக்காத அம்மணி, மத்தியானம் வயிறு நெறஞ்சப்பறம் கேளு" என்று அவர் சொல்லி வைத்திருந்தார்.

ஊழியர் விடுதி வாசலில் நித்யா பின்சீட்டில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். இரவெல்லாம் அடுப்படியில் நின்றுவிட்டு, குளித்து, நேராக வந்திருந்தாள்.

"இன்னைக்கு நாந்தானுங்கம்மா கைடு. அருவி, ரோப் கார், தஞ்சோங் ரூ பீச், குவாவுல கழுகுச் செலை, எல்லாம் காட்டறேன்" என்றவள், அப்பாவின் சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். "அடுத்த வருசம் கேக் செக்‌ஷனே என்ற கையில குடுக்கறாங்களாமுங்கப்பா!"

அப்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, இனி எப்படிக் கேட்பது என்றும் இருந்தது.

விமான நிலையத்தைத் தாண்டியதும் பாடாங் மத்சிராட்டின் நெல்வயல்கள் வருகின்றன. வயலில் எருமைகள் நின்றன. "அது பாருங்கம்மா" என்றவள் அடுத்த சொல்லைச் சொல்லவில்லை. என் மடியில் தலை சாய்ந்திருந்தது. ஏசி சில்லென்று அடிக்க, அவளுக்காகக் கொண்டுவந்த சென்னிமலைப் போர்வையைப் பிரித்துப் போர்த்திவிட்டேன். கடலோர வேக்காட்டில் இதை யார் போர்த்துவார்கள் என்று ஊரிலிருந்து கேலி செய்துகொண்டே வந்த மனிதர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அருவிக்குத் திரும்பும் பாதையில் அவர் திரும்பவில்லை. தீவின் வடமுனையில், தஞ்சோங் ரூ கடற்கரையில்தான் வண்டியை நிறுத்தினார். சவுக்கு மரங்களுக்கு நடுவே தண்ணீர் பச்சையாகத் தெரிந்தது. இன்ஜின் நின்றதும் இவள் நெளிந்தாள்.

"வந்தாச்சுங்களாப்பா?"

"இன்னும் இல்ல சாமி. நீ தூங்கு."

சாவியைத் திருப்பினார். கைக்குழந்தையாக இருந்தபோதும் இவள் இப்படித்தான். வண்டி ஓடினால் தூங்குவாள், நின்றால் வீறிடுவாள். இவளைத் தூங்கவைக்கவே அவர் எங்கள் பழைய வேனில் திருமுருகன்பூண்டி வரை போய் வருவார்.

அதன்பின் எங்கேயும் இன்ஜினை அணைக்கவில்லை. குவாவில் கழுகுச் சிலையின் தலை மட்டும் தெரிந்தது. ஒரு சாலையோரக் கடையில் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் வாங்கி ஜன்னல் வழியாக நீட்டினார். நான் ஒரு கையால் தின்றேன். அவர் ஓடுகிற வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே தின்றார். தீவைச் சுற்றிவர ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். ஒவ்வொரு முறை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். கடல் இடப்பக்கம் வந்தது, மறைந்தது, மறுபடி வந்தது. நான் பார்த்ததெல்லாம் இவள் முகத்தைத்தான். முழங்கைக்குக் கீழே அடுப்புச் சூட்டுத் தழும்புகள். போனில் ஒரு நாளும் அவை தெரிந்ததில்லை. அவர் கேட்கச் சொன்ன மத்தியானமும் தாண்டிவிட்டது.

ஆறு மணிக்கு விடுதி வாசலில் எழுந்தாள். பதறவில்லை, போர்வையை நிதானமாக மடித்தாள்.

"ஒண்ணுமே காட்டலையேங்கம்மா."

"அசந்து தூங்குன புள்ளைய எப்படிக் கண்ணு எழுப்பறது?"

தலை குனிந்துகொண்டாள். "ரெண்டாந்தடவ குவா வந்தப்பவே முழிச்சுட்டனுங்கம்மா. எந்திரிக்கல."

"ஏஞ்சாமி?"

"எந்திரிச்சா நீங்க கேப்பீங்க. மாமன் போன்ல எல்லாஞ் சொல்லிட்டாருங்க. நீங்க கேட்டா நான் வாரேன்னு சொல்லிப்போடுவனுங்க."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை கேட்டால் போதும், பிள்ளை என்னோடு வந்துவிடுவாள். அவரும் கண்ணாடியில் என்னைத்தான் பார்த்தார். காலையில் இவள் முன்னால் சாய்ந்து பேசிய முகம் என் கண்முன் வந்து நின்றது.

"போர்வையை எடுத்துக்கோ கண்ணு. ஏசியில காதை மூடிப் படு."

கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பிறகு அவள் உள்ளே போனாள், போர்வையை மார்போடு சேர்த்துக்கொண்டு.

லங்காவி எப்படி இருந்தது என்று அவிநாசியில் எல்லோரும் கேட்கிறார்கள். "ரோடெல்லாம் அருமைங்க" என்கிறார் அவர். அவருக்குத் தெரிந்தது அதுதான். எனக்கு அதுவும் தெரியாது. திரும்பி வந்ததிலிருந்து எங்கள் காரில் நான் பின்சீட்டில்தான் ஏறுகிறேன். ஏனென்று அவரும் கேட்பதில்லை.