பனிக்கூர்க்கையில் இருந்த பனி

தணலில் காட்டிய கற்பூரவல்லி இலை முதலில் சுருங்கும், பிறகு பச்சை மங்கி நீர் கோக்கும், அப்போது எழும் காரமான வாசம் மூக்கில் ஏறிக் கண்ணோரம் போய் நிற்கும். இன்றைக்கும் அந்த வாசம் எங்கிருந்தாவது வந்தால் நான் எழுந்து வாசல் கதவைத் திறந்து வைத்துவிடுகிறேன். எட்டு வயதில், ஆறு நாட்கள், வெளியேற வழியே இல்லாத ஓர் இடத்தில், அந்த வாசத்தோடு நான் அடைபட்டுக் கிடந்தேன்.

ஏலப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு நாங்கள் குடிவந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அப்பாவின் ஊர் பாலக்காட்டின் கிழக்குக் கோடி. மழை ஏமாற்றிய இரண்டு வருடங்களுக்குப் பிறகு, கொஞ்சமிருந்த வயலைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு ஃபேக்டரி வேலைக்கு மலையேறியவர். தோட்டத்தில் எங்களுக்குக் கிடைத்தது ‘லயம்’, அதாவது ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்த ஆறு வீடுகளில் ஒன்று. ஊரில் வீடும் தெருவும் பள்ளிக்கூடமும் தமிழாகவே இருந்துவிட்டதால், மலையாளம் எனக்குக் கடைப்பலகைகளில் பார்த்த எழுத்து, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா தோட்டத்திலேயே பிறந்தவர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவர் வீட்டுப் பின்புறம், ஓடை இறங்கும் இடத்தில், தடித்த இலைகளோடு அந்தச் செடி புதராக மண்டிக் கிடந்தது. அம்மாவுக்கு அது ‘கற்பூரவல்லி’. பேச்சியக்காவுக்கு ‘ஓமவல்லி’. கடை வைத்திருந்த மலையாளி சேட்டனுக்கோ ‘பனிக்கூர்க்க’. முதல் இரண்டு பெயர்களும் வாசத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவை என்று கிள்ளி முகர்ந்தாலே தெரிந்துவிடும். கற்பூரம் கடல் கடந்து கப்பலில் வந்த அரிய பொருளாக இருந்த காலத்தில், மூக்கில் சுள்ளென்று ஏறும் எதற்கும் அதன் பெயரைக் கொடுத்திருப்பார்கள் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டேன். படராத செடிக்குக் கொடியைக் குறிக்கும் ‘வல்லி’யைச் சேர்த்த தாராளம் மட்டும் இன்னும் விளங்கவில்லை. மூன்றாவது பெயருக்கு அந்த வயதில் நானே பொருள் கண்டுபிடித்து வைத்திருந்தேன். இது மலை, இங்கே பனி இறங்குகிறது, பனியில் வளர்வதால் பனிக்கூர்க்கை. இந்தக் கண்டுபிடிப்பை யாரிடமும் சொல்லிச் சரிபார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஆடி மாதம் நடவுக்காக அப்பா ஊருக்குப் போயிருந்த வாரத்தில் மலை சரிந்தது. காலையில் பெரிய லாரி கவிழ்ந்தது போல ஒரு சத்தம், பிறகு மண்வாடை. லயத்துக்கு மேலே போகும் பாதை மண்ணுக்குள் புதைந்துவிட்டது; கீழே ஓடைமேல் இருந்த மரப்பாலம் இருந்த இடம் தெரியவில்லை. ஓடை காவி நிறத்தில் ஆறாகப் பெருகி, நடுவில் பாறைகளை உருட்டிக்கொண்டு போனது. உயிருக்குச் சேதமில்லை, ஆனால் எங்கள் ஆறு வீடுகளும் ஓடையோரமாகவே சற்று மேலே இருந்த இன்னொரு லயமும் உலகத்திலிருந்து துண்டாகி நின்றன.

மறுநாள் அக்கரையில் இருந்து ஆண்கள் கயிறு வீசி இரண்டு கரை மரங்களுக்கும் இடையே இழுத்துக் கட்டினார்கள். முதலில் அரிசி மூட்டையை அதில் தொங்கவிட்டு இழுத்தார்கள். பாதி தூரத்தில் முடிச்சு நழுவியது. மூட்டை தண்ணீரில் விழுந்ததையும், ஒருமுறை மேலே வந்து பாறையில் மோதிக் காணாமல் போனதையும் நானும் அம்மாவும் பின்கதவில் நின்று பார்த்தோம். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அம்மா உள்ளே போய்விட்டாள். அப்புறம் கயிற்றை இறுக்கிக் கட்டி வேறு மூட்டைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

அன்று மாலையே தம்பி செந்திலுக்கு உடம்பு சுட்டது. அவனுக்கு மூன்று வயது. அம்மா நெற்றியில் ஈரத்துணி போட்டாள், கற்பூரவல்லிச் சாற்றில் தேன் கலந்து நாக்கில் தடவினாள். ஒரே அறை, சன்னலைத் திறந்தால் சாரல், கதவைத் திறந்தால் ஓடையின் இரைச்சல். அடைத்து வைத்த அந்த அறைக்குள் விறகுப் புகையும் இலை வாசமும் அவன் முனகலும் ஒன்றாகக் கலந்து நின்றன.

மூன்றாம் நாள் இலை பறிக்க என்னை அனுப்பினாள். நான் புதருக்குள் குனிந்திருந்தபோது அக்கரையில் இருந்து ஒரு குரல் கேட்டது. குடை பிடித்துக்கொண்டு, கையில் நோட்டோடு, டிஸ்பென்சரி ‘சிஸ்டர்’ நின்றிருந்தார்.

“மோளே, வீட்டில் ஆர்க்கெங்கிலும் பனியுண்டோ?”

‘வீட்டில்’ புரிந்தது. ‘பனியுண்டோ’ புரிந்தது. எங்கள் லயத்தில் பனி வீட்டுக்குள் புகுந்து பாயை ஈரமாக்குவது வழக்கம்தான் என்பதால் கேள்வியும் விசித்திரமாகத் தோன்றவில்லை. சுற்றிலும் பார்த்தேன். கொட்டுகிற மழையில் பனி ஏது?

“இல்லீங்க! பனி இல்லீங்க! மழைதானுங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவர் தலையாட்டி, நோட்டில் எதையோ குறித்துக்கொண்டு, அக்கரையோரமாகவே மேல் லயத்துக்கு நேரே இருந்த இடத்தைப் பார்த்து நடந்து போனார். ஒரு பெரிய மனுஷி கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்ட பெருமையோடு நான் இலைகளை மடியில் கட்டிக்கொண்டு திரும்பினேன்.

அடுத்த நாள் பேச்சியக்கா எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். தம்பி கண் திறக்கவில்லை. காதில் இருந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது.

“மேல் லயத்துல ஒரு பிள்ளைய இடுப்புல கயிறு கட்டி அக்கரைக்குக் கொண்டுபோயிட்டாகளாம். ரெண்டு பேருக்கு மாத்திரையப் பொட்டலம் கட்டி எறிஞ்சாகளாம். சிஸ்டரு வீடு வீடாக் கேட்டுட்டுப் போனாகளாமே, இங்க மட்டும் கேக்காமயா போனாக?”

அம்மா தம்பியின் நெற்றித் துணியை எடுத்து மறுபடி நனைத்துப் போட்டாள். நான்தான் கேட்டேன், “என்னன்னுங்கக்கா கேட்டாங்க?”

“பனி உண்டான்னுதான் கேப்பாக. ஏட்டி, இவுக பாஷையில பனின்னா காய்ச்சலு. அதான இந்த எலைக்கே பனிக்கூர்க்கன்னு பேரு.”

அந்த அறையில் இருந்து எழுந்து போக எனக்கு ஓர் இடம் இருந்திருந்தால் போயிருப்பேன். வாசலுக்கு அப்பால் மண் சரிவு, கொல்லைக்கு அப்பால் ஓடை. ஓடைக்குப் போய் “பனி இருக்குங்க, பனி இருக்குங்க” என்று கத்திப் பார்த்தேன். அக்கரையில் யாரும் இல்லை, மழை வலுத்து ஓடை இன்னும் பெருகியிருந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு பேச்சியக்கா நின்று கூவிப் பார்த்தும், சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்ப வரவே இல்லை. ஈரத்தோடு வந்து மூலையில் உட்கார்ந்துகொண்டேன். சொல்ல வேண்டும் என்று வாயைத் திறப்பேன், அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருப்பாள், மூடிக்கொள்வேன்.

ஆறாம் நாள் மரம் வெட்டிப் போட்டுப் பாலம் அமைத்தார்கள். ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். செந்தில் பிழைத்தான். வலது காது மட்டும் திரும்பவில்லை. “ரெண்டு நாள் முன்னால வந்திருக்கலாம்” என்று டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு வந்த வருடங்களில் அவனைக் கூப்பிடும்போதெல்லாம் இடது பக்கமாகப் போய் நின்று கூப்பிடப் பழகினேன். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள் என்றாலும், எனக்கு மட்டும் அது தண்டனை போல இருந்தது.

கல்லூரியில் தமிழ் படித்தபோது ஒருநாள் நூலகத்துப் பெரிய அகராதியில் ‘பனி’யைத் தேடினேன். குளிர், நீர்த்துளி என்று தொடங்கி, நடுக்கம், அச்சம், துன்பம், கண்ணீர் என்று அது நீண்டுகொண்டே போனது. பனித்தல் என்றால் பழைய தமிழில் நடுங்குதல். நடுங்க வைக்கும் காய்ச்சலுக்கு மலையாளம் அந்தப் பழைய பெயரையே வைத்துக்கொண்டிருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம் என்று தோன்றியது. கூர்க்கை என்பது அதே இனத்துக் கிழங்குச் செடி. ஆக, காய்ச்சலுக்கான கூர்க்கை. அகராதியை மூடினேன். மலையாளம் தெரியாததால் தவறினேன் என்று அதுவரை எனக்கு நானே சொல்லிவந்த சமாதானமும் அன்று போயிற்று. எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாலும் அன்று எங்கள் வீட்டில் பனி இருந்தது.

நான் இப்போது பாலக்காட்டில் பள்ளி ஆசிரியை, அம்மா என்னோடு இருக்கிறாள். சென்ற மழைக்காலத்தில் என் மகள் பள்ளியிலிருந்து வந்து பையைப் போட்டுவிட்டு, “அம்மா, எனக்குப் பனி” என்றாள். அம்மாவின் கை அரிவாள்மனையில் நின்றது. பிள்ளைக்கு மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்த பிறகு, முப்பது வருடம் தாமதமாக, நான் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

“தெரியுங் கண்ணு. பின்கதவுல நின்னுட்டுத்தான் இருந்தேன். நீ சொன்னதும் கேட்டுச்சு, அந்தம்மா கேட்டதும் எனக்கு வெளங்குச்சு.”

“அப்புறம் ஏம்மா கூப்புடல?”

“வாயெடுத்தேன். அந்த அரிசி மூட்டை கண்ணுக்குள்ளயே நின்னுச்சு. எம்புள்ளையக் கயித்துல கட்டிருவாங்கன்னு பயந்துட்டேன். மாத்திரை எறிவாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்? நீ சின்னப்புள்ள, அதையெல்லாம் மறந்திருப்பேன்னு நெனச்சு நானும் சொல்லல.”

மூணாறில் ஜீப் ஓட்டும் செந்தில் இந்த மார்கழியில் எங்களை அந்தத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனான். லயத்தின் கூரைத்தகடுகளைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள், சுவர்களுக்குள் புல் நிற்கிறது. பேச்சியக்கா குடும்பம் எங்கே போனது என்று சொல்ல ஆளில்லை. ஓடைமேல் சிமெண்டுப் பாலம், அக்கரையில் தங்கும் விடுதி ஒன்றின் பூட்டிய கேட். தாழ இறங்கி வந்த வெண்மூட்டத்தைப் பார்த்து என் மகள் மலையாளத்தில் “மஞ்ஞு, மஞ்ஞு” என்று குதித்தாள். எங்கள் வீட்டில் பனிக்குக் காய்ச்சல் என்ற ஒரே பொருள்தான் மிஞ்சியிருக்கிறது. பாலத்தில் நின்று, செந்திலின் இடது பக்கமாகப் போய், எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவான் என்றுதான் நினைத்தேன். அவன் என்னை விட்டுவிட்டு அம்மாவிடம் திரும்பினான்.

“ரொம்பப் பயந்துட்டியாம்மா?”

இத்தனை வருடத்தில் அம்மாவிடம் அதை யாரும் கேட்டதில்லை. “ஆமாஞ் சாமி” என்று சொல்லிவிட்டு, அந்தப் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அவள் அழ ஆரம்பித்தாள்.