மூடியைக் கழற்றிய ஞாயிறு

நாவலூரில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் அப்போது எனக்கு வேலை, வீடு செங்கல்பட்டில். தொண்ணூறுகளில் கல்லூரியில் படித்தபோது கணினி மக்கர் செய்தால், ஃப்ளாப்பியைப் போட்டு, கட்டளைகளைத் தட்டி, எங்கே தப்பு என்று நாங்களே துழாவுவோம். வேலைக்கு வந்தபின் ஒரு புகார் அனுப்பினால் போதும், யாராவது வந்து சரிசெய்துவிடுவார்கள். பத்து வருடத்தில் கணினியின் மூடியைக்கூட நான் கழற்றியதில்லை.

ஒரு சனிக்கிழமை வீட்டுக் கணினியில் திரை வரவில்லை. 'பீ…ப், பீ…ப்' என்று நீளமாகக் கத்திக்கொண்டே இருந்தது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான். வேறெங்கும் பிரதி இல்லை.

பழுதுபார்க்க வந்தவர் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "மதர்போர்டு பூட்ச்சு மேடம். மாத்துனாதான் ஆவும். ஃபோட்டோலாம் போச்சுன்னா நான் பொறுப்பில்ல" என்றார்.

"போர்டு கெட்டா ஃபோட்டோ ஏன் போகணும்?"

"அதெல்லாம் அப்டித்தான் மேடம். திங்கக்கிழம வந்து எடுத்துகினு போறேன்."

எனக்கும் பதில் தெரியவில்லை. அதுதான் உறுத்தியது.

மறுநாள், கணினியோடு வந்த கையேட்டைப் பரணிலிருந்து எடுத்துப் படித்தேன். நீண்ட ஒலி விடாமல் கேட்டால் கோளாறு மெமரியில் என்று அதில் இருந்தது. படங்கள் இருப்பது ஹார்ட் டிஸ்கில். அது தனிப் பாகம்.

கல்பாக்கத்தில் பெரிய இயந்திரங்களோடு புழங்குகிற என் கணவரே தயங்கினார். "நமக்கு எதுக்கு வம்பு? இன்னும் கெட்டுட்டா?"

"நான் பாத்துக்கறேன்."

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரே தூசி. மெமரிப் பட்டையை உருவி, கல்லூரி ஆய்வகத்தில் யாரோ செய்த ஞாபகத்தில், அதன் ஓரத்தை அழுக்குப் போக ரப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பச் செருகினேன். சுவிட்சைப் போட்டதும் ஒரே ஒரு சின்ன 'பீப்'. திரை வந்துவிட்டது. நான் போட்ட சத்தத்தில் மகள் ஓடிவந்தாள். முதல் வேலையாகப் படங்களை சிடியில் ஏற்றினேன். பிறகு பழுதுபார்ப்பவரைக் கூப்பிட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, நன்றாக நிரல் எழுதுகிற நான்கைந்து பேர் தாங்களும் உள்ளே பார்த்ததே இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். அனுமதி கேட்டு, ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கணினி ஒன்றை வாங்கினோம். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேளையில் அதைப் பிரித்து மேசையில் பரப்பினோம். என்னைவிட மூத்த ஒருத்தி ஹார்ட் டிஸ்கைக் கையில் ஏந்தி, "அட, இவ்வளவுதானா?" என்றாள். அடுத்த வாரம் அவளே ஒரு ஸ்க்ரூடிரைவரோடு வந்தாள்.