சோதனைச் சாவடியில் முடிந்த கிரேக்கப் போர்

யுத்த காலத்துச் சனிக்கிழமை அது. மாத்தளையில் எங்கள் வாசகர் வட்டத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு விவாதம்: மனிதனை நன்றாக அறிந்தது பழைய சீனக் கவிதையா, கிரேக்கக் காவியமா? சீனம் என் நண்பனுக்கு. தம்புள்ளையில் வெங்காய மொத்த வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. கிரேக்கம் எனக்கு.

நாங்கள் தம்புள்ளையில் ஏறிய பஸ், மாத்தளை வழியில் நாலந்தாவுக்குக் கிட்டே சோதனைச் சாவடியில் நின்றது. இறங்கி, அடையாள அட்டையோடு வரிசையில் போக வேண்டும். அது பழகிப்போன விஷயம். பழகாதது, சிப்பாய் என் விவாதக் குறிப்புக் கொப்பியை விரித்த பக்கம். கிரேக்கப் படையெடுப்புக்கு அட்டவணையே போட்டிருந்தேன்: எந்த ஊர், எத்தனை கப்பல், கப்பலுக்கு எத்தனை ஆள். கரையிறங்கும் இடத்துக்குச் சிவப்பு மையில் அம்புக்குறி வேறு.

"இது என்ன?" என்றார் சிங்களத்தில்.

"கவிதை சேர்."

"கவிதையில எதுக்குக் கப்பல்?"

நல்ல கேள்வி! நான் அந்தப் போருக்கு வித்திட்ட தேவதைகளின் அழகுச் சண்டையிலிருந்தே தொடங்கினேன், எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் செலவழித்து. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு காண்டம் பதில். விளக்க விளக்க அவர் முகம் இறுகியது.

"சார்ஜன் வரட்டும்," என்றார்.

அவருடைய மேலதிகாரி சார்ஜன் வந்தால் பஸ் எங்களை விட்டுவிட்டுப் போகும். நாங்கள் எங்கே போவோம் என்பது யாருக்கும் தெரியாது.

"வாய மூடு மச்சான், நான் சொல்றேன்," என்று நண்பன் முன்னால் வந்தான். "சேர், இதே கொப்பியில சீனாக் கவிதையும் இருக்கு. எல்லையில ஒரு சிப்பாய். பனி கொட்டுது. போன வருஷம் வீட்டுல தைச்சு அனுப்பின உடுப்பு கிழிஞ்சிருச்சு. இந்த வருஷ உடுப்பு இன்னும் வரல்ல."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

சிப்பாய் யோசித்தார். "அவனுக்கு லீவு குடுக்க மாட்டாங்களா?"

"அது கவிதையில இல்ல சேர்."

சிரித்துவிட்டார். கொப்பியை மூடி நீட்டினார். நான் பிடித்தேன், அவர் விடவில்லை.

"அது சரி, உன் சண்டை என்னாச்சு? பத்து வருஷம் கோட்டைக்கு வெளியவே நின்னாங்கன்னியே. கடைசியில எப்படி உள்ள போனாங்க?"

எனக்குப் புல்லரித்தது. கேட்கிறாரே! மரக்குதிரை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது: வயிற்றுக்குள் ஆட்களை ஒளித்து, பரிசு என்று வாசலில் நிறுத்தி... அப்போதுதான் எங்கள் பஸ்ஸுக்குப் பின்னால், கோவா, கரட் என்று மரக்கறி மூட்டைகளோடு சோதனைக்கு வரிசையாக நின்ற லொறிகள் கண்ணில் பட்டன. நண்பன் என் காலை மிதித்தான்.

"போகவே இல்ல சேர். களைச்சுப் போய் எல்லாரும் வீட்டுக்குத் திரும்பிட்டாங்க."

"அதுதான் நல்லது," என்று கொப்பியை விட்டார்.

கண்டக்டர் திட்டத் திட்ட ஓடி ஏறினோம். நண்பன் சிரிப்பை அடக்க முடியாமல் கம்பியைப் பிடித்துக் குலுங்கினான்.

"பத்து வருஷப் போர ஒரே வரியில முடிச்சிட்டியே மச்சான்! பேசாம என் கட்சிக்கே வந்துரு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எப்போது மூன்று மணி ஆகும், அந்தக் குதிரையை எப்போது வெளியே விடுவேன் என்று இருந்தது எனக்கு.