சராசரி சரிதான் என்று சொன்ன நாள்

ராயபுரத்தில் ஒரு கல்லூரியில் நான் தூய கணிதம் நடத்துகிறேன். ‘தூய’ என்ற அடைமொழியை நாங்களேதான் வைத்துக்கொண்டோம். இழுத்தாலும் வளைத்தாலும் ஒரு வடிவத்தில் மாறாதது எது என்று பார்க்கும் இடவியல் என் பிரிவு. மெதுவடையும் கைப்பிடி வைத்த டீக் கோப்பையும் எங்களுக்கு ஒன்றே. இரண்டிலும் ஒரே ஓர் ஓட்டை. இயற்கணிதக்காரர்களையும் எண்ணியல்காரர்களையும் சமமாக மதிப்போம். புள்ளியியல்காரர்களைக் கல்யாணத்துக்கு அழைப்போம், பந்தியில் பக்கத்தில் உட்கார மாட்டோம்.

வேதியியல் நடத்தும் தோழி எண்ணூரில் ரயிலேறுவாள், நான் திருவொற்றியூரில். “உங்க சோதனை நூறு தடவை சரியா வந்தாலும் அடுத்த தடவை பொய்யாகலாம். நாங்க ஒரு தடவை நிரூபிச்சா முடிஞ்சுது” என்று அவளைச் சீண்டுவேன். “நிரூபிச்சு? அதுல ஒரு டம்ளர் தண்ணிய சுத்தம் பண்ண முடியுமா?” என்பாள்.

எங்கள் தெருவில் விடியற்காலையில் இரண்டு மணி நேரம் வாயு நாற்றம் வரும். கண் எரியும். தெருக்காரர்கள் மனு கொடுத்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் ஒரு மாத அளவீட்டுத் தாளோடு வந்து, சராசரி வரம்புக்குள்தான் இருக்கிறது என்றார். எதிர்வீட்டில் மீன் விற்கும் அம்மா என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

“எங்க தெருவுல கணக்கு டீச்சரே கீறாங்க சார். அவங்க பாத்து சொல்லட்டும்.”

எனக்குப் பெருமையாக இருந்தது. நடுத்தெருவில் நின்று எல்லா எண்களையும் கூட்டினேன், வகுத்தேன். “சராசரி சரிதான்” என்றேன். பொய்யில்லை. அத்தெருவில் வசிக்கும் கணிதப் பேராசிரியரே சரிபார்த்து ஒப்புக்கொண்டார் என்று அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அந்த அம்மா என் வாசலில் வந்து நின்றார். “இன்னா டீச்சரு, நீ சரின்னு சொல்லிட்டே. அப்போ எங்க மூக்கு தப்பா?”

மறுநாள் ரயிலில் சொன்னபோது தோழி கொருக்குப்பேட்டை வரை சிரித்தாள். பிறகு கேட்டாள்: “மாசம் முழுக்கக் கூட்டி வகுத்தா அந்த ரெண்டு மணி நேரம் கரைஞ்சு போகாதா? நாத்தம் வரும்போது காத்து எந்தப் பக்கம்னு பாத்தியா?”

காற்றுக்குத் திசை உண்டு என்பதே அதுவரை என் பாடத்திட்டத்தில் இல்லை.

எட்டு வீட்டுப் பெண்கள் காலண்டர் தாளின் பின்பக்கம் நேரம் குறித்தார்கள். எழுதத் தெரியாத மீன்கார அம்மாதான் திசை சொன்னார். “மேக்காத்து அடிச்சா வருது. கடக்காத்து வந்ததும் போயிடுது.” அவருக்குக் கருவி தேவைப்படவில்லை. எனக்குத்தான் புத்தகம் தேவைப்பட்டது. புள்ளியியல் துறைக்குப் போய் வணக்கம் சொல்லி இரவல் வாங்கினேன். மூன்று வாரக் குறிப்புகளை வரைபடமாக்கினேன். நாற்றமும் மேற்குக் காற்றும் ஜோடியாகவே வந்துகொண்டிருந்தன. ஆலைகள் இருப்பதும் மேற்கேதான். என் கணிதம் வாசனையுள்ள ஒன்றைத் தொட்டது அதுவே முதல்முறை.

வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். “மேடம், மூக்கெல்லாம் கருவி ஆகாது” என்றார் அதிகாரி. ஆனாலும் எங்கள் மாடியில் ஒரு வாரம் கருவி வைக்க ஒத்துக்கொண்டார். அது ஐப்பசி. மழைக்கு முன்னால் இரவும் பகலும் கடல் பக்கத்துக் காற்று. தெருவே மணந்தது. கருவி அப்பழுக்கில்லாத எண்களைத் தந்தது.

“காத்தும் அவங்க ஆளு போல” என்றார் மீன்கார அம்மா.

அதிகாரி புதிய தாளை நீட்டி, போன தடவை சொன்னதையே ஒரு வரியாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் எழுதினேன்: ‘கூட்டல் சரி. ஆனால் மேற்குக் காற்று அடித்த ஒரு நாள்கூட இந்தக் கூட்டலில் இல்லை.’ படித்துவிட்டு, “முதல் வாக்கியம் போதுமே மேடம்” என்றார்.

“ரெண்டும் சேர்ந்ததுதான் பதில் சார்.”

கையெழுத்து இல்லாமலே தாளை எடுத்துக்கொண்டு போனார். இரண்டாவது மனுவில் காற்றின் திசையை முதல் வரியிலேயே போட்டோம். மேக்காத்துக் காலத்தில் கருவி மறுபடி வரும் என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். குறித்துவைப்பதைப் பெண்கள் நிறுத்தவில்லை.

இந்த வருஷம் புள்ளியியல் பாடம் நடத்த நானே கேட்டு வாங்கினேன். தண்டனை மாறுதல் வந்தவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்து, துறைத்தலைவர் டீ வாங்கிக் கொடுத்தார்.