பட்டாளத்து பெல்ட்

மகளின் பள்ளிக்கூடப் பைக்குச் செருப்புத் தைக்கிறவர் புதுப் பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தார். அந்தத் தடித்த நாடா கையில் பட்டதும் அப்பாவின் பட்டாளத்து பெல்ட் நினைவுக்கு வந்தது.

அதுவும் இதே மாதிரி நாடாதான். முனையில் பித்தளைக் கொக்கி. சங்கரன்கோவில் வீட்டுக்குக் குடித்துவிட்டு வரும்போதெல்லாம் அதைக் கழற்றி அம்மாவை அடிப்பார்.

ஒருநாள் பத்தாவது படித்துக்கொண்டிருந்த அக்கா குறுக்கே பாய்ந்து, வீசிய பெல்ட்டைப் பிடித்துக் கையில் சுற்றிக்கொண்டாள். கொக்கி உள்ளங்கையைக் கிழித்தது.

“ஏட்டி, விடு.”

“விட மாட்டேன். அம்மையத் தொடாதிய.”

அப்பா இழுத்தார். அக்கா தரையில் இழுபட்டாளே தவிர பிடியை விடவில்லை. நாடா முழுக்க ரத்தமானதும் அவரே கையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அம்மா கொக்கியை வெட்டியெறிந்தாள். கறையைக் கழுவாமல், அப்பாவின் நாடாக் கட்டிலில் அறுந்திருந்த இடத்தில் அந்த பெல்ட்டை இறுக்கிக் கோத்தாள்.

“இனிமே இதுமேல படுங்க” என்றாள்.

சாகும்வரை அப்பா படுத்தது அதன்மேல்தான்.